செய்தி தேடுவதிலும் கூட்டுறவு வேண்டும்

விதையையும் உரத்தையும் தனித்தனியே வாங்கினால் விலை ஏறுகிறது. நூலையும் சாயத்தையும் தனித்தனியே வாங்கினால் தரம் குறைகிறது. இதை உணர்ந்தே நம் முன்னோர் சங்கம் கண்டனர். ஆயினும், விதைக்கும் நூலுக்கும் ஒப்பான இன்றியமையாப் பொருள் ஒன்றை மட்டும் இன்றளவும் நாம் அவரவர் தனித்தே தேடி அலைகிறோம். அப்பொருள் செய்தியே ஆகும்.

கைபேசி இல்லாத வீடு இன்று அரிது. அதில் இணையத் தேடுபொறியும் இருக்கிறது. கருவி கையிலிருக்கச் சங்கத்திற்கு இதில் என்ன வேலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை நம் புதுவை மண்ணிலேயே உண்டு.

அமெரிக்காவில் கூகுள் நிறுவனம் பதிவு பெற்ற 1998-ஆம் ஆண்டிலேயே, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டின் உதவியோடு இங்கே ஒரு முயற்சியைத் தொடங்கியது. வில்லியனூரைத் தலைமை நிலையமாகக் கொண்டு, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் தகவல் நிலையங்கள் அமைந்தன. ஊரார் இடம் தந்தனர். ஊர்த் தொண்டர்களே, அவர்களுள்ளும் பெண்களே மிகுதியாக, நிலையத்தை நடத்தினர். எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்து பயன்பெற வேண்டும் என்பது நிபந்தனை.

உங்களுக்குத் தெரியவேண்டியது என்ன என்று மக்களிடம் முதலில் கேட்டறிந்தார்கள். உழவர் விளைபொருள் விலையையும் இடுபொருள் விலையையும் கேட்டனர். மீனவர் மறுநாள் கடல் அலையின் உயரத்தைக் கேட்டனர். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிட்ட அலைக் கணிப்பை வில்லியனூரில் எடுத்துத் தமிழாக்கி, வீராம்பட்டினத்துக் கரையில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு ஊரார் அத்தகைய நிலையத்தின் ஒலிபெருக்கியிலேயே முழங்கச் செய்து உயிர் தப்பினர்.

அன்று கருவி ஒன்று; பயன் ஊருக்கெல்லாம். இன்று கருவி வீட்டுக்கு வீடு. ஒருவர் கண்டறிந்தது அடுத்த தறிக்காரருக்கு எட்டுவதில்லை. நாம் இழந்தது கருவியையன்று. கேட்டறிந்து, சரிபார்த்து, பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கையே.

தேடுபொறியை முற்றறிந்த அறிஞனாகக் கருதுவோர் பலர். உண்மையில் அது, நூலின் இறுதியில் காணும் சொல்லடைவைப் போன்றது. இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்துச் சொற்களை அடைவு செய்துகொண்டு, நாம் கேட்கும் சொல்லுக்குப் பொருந்தும் பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஆகவே சொல்லைத் தேர்வதிலேயே வெற்றி இருக்கிறது. 'நெல்லில் பூச்சி' என்றால் எண்ணற்ற பக்கங்கள் வந்து குவியும். 'நெல் இலைச்சுருட்டுப்புழு கட்டுப்படுத்தும் முறை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்' என்று எழுதினால் வேண்டியது முன்னே வரும். நாம் சிட்டா நூல் என்பதை அரசாங்க ஏடுகள் 'ஹேங்க் யார்ன்' என்கின்றன. நம் வழக்குச் சொல்லையும் ஏட்டுச் சொல்லையும் இணைத்தறிந்தவர் ஒருவர் அருகிலிருந்தால், நாள்முழுதும் தேடியும் கிடைக்காதது நொடியில் கிடைக்கும்.

வந்ததெல்லாம் மெய்யுமன்று. பட்டியலின் தலையில் நிற்பவற்றுள் சில, காசு கொடுத்து இடம் பிடித்த விளம்பரங்கள். அண்மைக் காலமாகத் தேடுபொறி தானே ஒரு விடையைத் தொகுத்து மேலே எழுதிக் காட்டுகிறது. அதிலும் பிழை நேர்வதுண்டு. வங்கியின் உதவி எண்ணைத் தேடி, மோசக்காரர் இட்டுவைத்த போலி எண்ணை அழைத்துச் சேமிப்பை இழந்தோர் நாடெங்கும் உளர். அவ்வாறு நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு முறையிடல் வேண்டும். அதனினும் மேலானது, வங்கி எண்ணைக் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்தல். பூச்சிமருந்தின் அளவைப் பல்கலைக்கழக ஏட்டோடும் புட்டியின் மேலுள்ள சீட்டோடும் ஒப்பிடாமல் தெளிப்பது பயிருக்கு மட்டுமன்றி உடலுக்கும் கேடாகும்.

சரியாகத் தேடினால் கிடைக்கும் பலனோ பெரிது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தன்மையுள்ள சேலை, வேட்டி, லுங்கி உள்ளிட்ட 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. அப்பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத் தெரிந்த சங்கம், விசைத்தறித் துணி கைத்தறியென விற்கப்படும்போது சான்றோடு முறையிடலாம். தெரியாத சங்கம் புலம்பத்தான் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் நாம் முன்வைக்கும் யோசனை எளியது. அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து படித்த இளைஞர் அல்லது பெண் இருவரைத் தேர்ந்து தேடுமுறையில் பயிற்றுவியுங்கள். சங்க அலுவலகத்தில் ஒரு கேள்விப் புத்தகம் வையுங்கள். எழுத இயலாதவர் வாயால் சொல்ல, பயின்றவர் எழுதிக்கொள்ளட்டும். விடையோடு, அது எத்தளத்தில், எத்தேதியில் கண்டது என்பதையும் பதிவுசெய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். ஐயமான விடையை வேளாண் அதிகாரியிடமோ கைத்தறித் துறை அலுவலரிடமோ கேட்டுத் தெளிந்த பின்னரே ஒட்டுங்கள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டா. ஒரு கைபேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்வது எம் கடமை. இனி சங்கங்களுக்கு வருங்கால் இக்கேள்விப் புத்தகத்தையும் காட்டுமாறு கேட்போம். எத்தனை கேள்விகள், எத்தனை விடைகள், அவற்றால் மிஞ்சிய பணம் எவ்வளவு என்பதே அதன் ஐந்தொகை. அது நிறைந்திருக்குமாயின், அந்தச் சங்கம் உயிரோடிருக்கிறது என்று நாம் அறிந்துகொள்வோம்.