கார் யாருடைய பேரில்?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரைபடம் சுத்தத் தொடங்கும். பாரிசில் ஒரு புள்ளி, ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலில் ஒரு புள்ளி, சூரிச்சில் சித்தி வீடு, பிறகு மிலான், வெனிஸ், கடைசியில் குரோஷியக் கடற்கரை. இங்கேயிருந்து விசா எடுத்துப் போறவர், படிக்கப் போய் அங்கே நிக்கிறவர், அங்கேயே பிறந்து வளர்ந்த மச்சாள்மார் என்று அஞ்சாறு பேர் சேருவினம். "ஒரு கார் எடுத்தா முடிஞ்சுது, ஷெங்கன்தானே, போடரே இல்லை" என்று ஒருத்தர் எழுதுவார். எங்கே தங்குறது, எந்தப் பாட்டுப் போடுறது எல்லாம் பேசி முடிஞ்சிடும். ஒரு கேள்வி மட்டும் கடைசிக் கிழமை வரைக்கும் வராது: கார் யாருடைய பேரில்?

பல நாடு தாண்டுகிற பயணத்தில் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது எங்கள் கருத்து. வாடகைக் காரின் திறப்பு கைக்கு வருவதற்கு முன் ஒருவர் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறார். அந்தக் கையெழுத்து எந்தெந்த நாட்டில் செல்லும், ஸ்டியரிங்கை யார் யார் பிடிக்கலாம், ஏதும் நடந்தால் காசு யாருடைய அட்டையிலிருந்து போகும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் வரைபடத்தில் கோடு இழுக்க வேண்டும். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இதற்குக் காரணம் எங்கட ஊர்ப் பழக்கம்தான் என்று நினைக்கிறோம். இங்கே தூரப் பயணம் என்றால் வான் பிடிப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமமோ நுவரெலியாவோ, வானோடு சேர்ந்து ட்ரைவர் அண்ணையும் வருவார். எங்கே பொலிஸ் மறிப்பான், எந்த இறக்கத்தில் கவனம், எந்தக் கடையில் சாப்பாடு நல்லது, காப்புறுதிப் பத்திரம் எங்கே இருக்கு, எல்லாம் அவருக்குத் தெரியும். பின்னால இருந்து பாட்டுக் கேக்கிறதும் நித்திரை கொள்ளுறதும்தான் எங்கட வேலை. ஐரோப்பாவில் வாடகைக் கார் எடுக்கும்போது ட்ரைவர் அண்ணை வரமாட்டார். அவர் செய்கிற வேலை மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். அது முழுக்க ஒரு ஆளின் தலையில் போய் விழும். பெரும்பாலும் அந்த ஆள், குழுவிலேயே கடனட்டை வைத்திருக்கிற ஒரே ஆள்.

அந்த ஆளின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பார்ப்போம். கார் எடுக்கும்போது வைப்புத் தொகையாக அவருடைய அட்டையில் பல நூறு யூரோ முடக்கப்படும்; சில வகைக் கார்களுக்கு ஆயிரத்துக்கும் மேலே போகும். அட்டை பொதுவாகப் பிரதான சாரதியின் பேரிலேயே இருக்க வேண்டும். "காசு நான் தாறன், நீ ஓடு" என்பது கவுண்டரில் எடுபடாது. டெபிற் அட்டையைப் பல இடங்களில் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் நிபந்தனையோடுதான். 25 வயதுக்குக் கீழே என்றால் பல இடங்களில் நாளுக்கு இவ்வளவு என்று மேலதிகக் கட்டணம். இரண்டாவது சாரதியைச் சேர்க்க வேறொரு கட்டணம். இந்த இரண்டாவது கட்டணத்தைத்தான் எங்கட ஆக்கள் முதலில் வெட்டுவினம். "இவன் களைச்சா நான் ஒரு மணித்தியாலம் ஓடுறன், ஆர் பாக்கப் போறான்?" பேர் பதியாத ஒருவர் ஓடும்போது விபத்து நடந்தால் வாடகை நிறுவனத்தின் காப்புறுதிப் பாதுகாப்பு பொதுவாகக் கைவிரித்துவிடும். சேதத்தின் முழுச் செலவும் கையெழுத்து வைத்தவரைத்தான் தேடி வரும்.

அடுத்தது லைசன்ஸ். எங்கட சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். இத்தாலி போன்ற நாடுகளில் அது சட்டத் தேவை, மற்ற இடங்களிலும் கவுண்டரில் கேட்கலாம். அதை இலங்கையை விட்டு வெளிக்கிடும் முன்பே, கொழும்பிலுள்ள சிலோன் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்க வேண்டும். பாரிசில் இறங்கின பிறகு ஞாபகம் வந்து பிரயோசனம் இல்லை. படிக்கப் போனவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஜேர்மனியில் குடியிருக்கத் தொடங்கினால் இலங்கை லைசன்ஸ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், சுவிஸில் 12 மாதத்துக்கு. இரண்டாம் வருடம் மாஸ்டர்ஸ் படிக்கிற அண்ணன் "நான் ஓடுறன்" என்று சொன்னால், அந்த நாட்டு லைசன்ஸ் எடுத்தாச்சா என்று முதலில் கேட்க வேண்டும். அதோடு இங்கே இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். கியர் வலது கைக்கு வரும். முதல் நாளே பாரிஸ் சுற்றுவட்ட வீதியில் அதைப் பழகுவது நல்ல யோசனை இல்லை.

இனி "போடரே இல்லை" என்ற கதைக்கு வருவோம். ஷெங்கன் உடன்படிக்கை 1985 இல் கையெழுத்தானது. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுதாகச் சேர்ந்தபோது 29 நாடுகள் ஆயின. உண்மைதான், பெரிய விசயம்தான். ஆனால் சோதனைச் சாவடி இல்லாத இடத்திலும் ஒப்பந்தத்தின் எல்லை இருக்கும். எந்தக் கார் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று வாடகை நிறுவனங்கள் பட்டியல் வைத்திருக்கின்றன. விலை கூடிய கார்களுக்குப் பட்டியல் சின்னது. கிழக்கு ஐரோப்பாவுக்கும் போல்கனுக்கும் பல நேரம் தனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். பட்டியலில் இல்லாத நாட்டுக்குள் கார் போனால் காப்புறுதி உங்களோடு வராது. ஒரு நாட்டில் எடுத்து வேறொரு நாட்டில் விட்டால் அதற்கும் தனிக் கட்டணம். அது சில வேளை வாடகையையே தாண்டும்.

சுவிஸ் இதில் தனிக் கதை. அது ஷெங்கனுக்குள் இருக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. சூரிச் மச்சான் ஜேர்மனியில் மலிவு என்று அங்கே பதிவான வாடகைக் காரை எடுத்து வீட்டுக்கு ஓடி வர நினைத்தால் சுவிஸ் சுங்க விதி குறுக்கே நிற்கும். சுவிஸில் குடியிருப்பவருக்கு அதற்கென்று அனுமதி வேண்டும். இங்கேயிருந்து போன விருந்தாளிக்கு அந்தத் தடை இல்லை. அதாவது ஒரே கார், ஒரே வீதி, ஸ்டியரிங்கில் யார் என்பதைப் பொறுத்து விதி மாறும். பாசல் விமான நிலையத்தைப் பாருங்கள். அது இருப்பது பிரெஞ்சு மண்ணில், உள்ளே பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு. கார் எடுக்கும் கவுண்டரும் இரண்டு பக்கமும் இருக்கும். எந்தப் பக்கம் எடுக்கிறோம் என்பதில் விலையும் மாறும், கண்ணாடியில் சுவிஸ் வீதி வில்லை இருக்குமா என்பதும் மாறும்.

எங்கட கடவுச்சீட்டுக்கு இன்னொரு கணக்கு. குரோஷியாவில் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போற கரையோர வீதி, நெயூம் என்ற இடத்தில் பொஸ்னியாவின் சிறு துண்டுக்குள் புகுந்து வரும். ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா உள்ளவர் அந்தத் துண்டுக்குள் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியவர் ஆவார். திரும்பி நுழைய விசா இல்லை. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு குரோஷிய மண்ணிலேயே சுற்றிப் போகலாம். ஆனால் வழிகாட்டும் செயலிக்கு எங்கட விசா தெரியாது. அது தனக்குக் கிட்டின பாதையைத்தான் காட்டும். ஷெங்கனுக்குள்ளேயும் எல்லாரும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். ஜேர்மனி 2024 செப்டெம்பரிலிருந்து தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை செய்யத் தொடங்கியது. பயணப்பையின் அடியில் இருக்கிற கடவுச்சீட்டு, இரவு 11 மணிக்கு வீதியோரத்தில் நிறுத்தி வைக்கும்போது உதவாது.

வீதிக் காசும் நாட்டுக்கு நாடு வேறு. ஜேர்மனி நெடுஞ்சாலையில் காருக்குக் கட்டணம் இல்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் ஓடின தூரத்துக்குக் கட்ட வேண்டும். சுவிஸில் ஒரு நாள் ஓடினாலும் வருட வில்லைதான், 40 பிராங். ஒஸ்ரியாவில் ஒரு நாள், பத்து நாள் என்று எடுக்கலாம், ஆனால் பிரென்னர் பாதைக்கு அதற்கு மேலே தனிக் கட்டணம். டிஜிற்றல் வில்லை என்றால் கார் இலக்கம் வேண்டும், வாடகைக் காரின் இலக்கமோ திறப்பு கைக்கு வரும்போதுதான் தெரியும். இத்தாலிய நகரங்களின் பழைய மையங்களில் அனுமதி பெற்ற வாகனம் மட்டும் நுழையும் வலயங்கள் உண்டு. கமெரா படம் பிடிக்கும், யாரும் மறிக்கமாட்டார்கள். தண்டப்பணத்துக்கு முன்னால், உங்கள் விபரத்தைப் பொலிசுக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை வாடகை நிறுவனம் அட்டையில் எடுத்துக்கொள்ளும். தண்டக் கடிதம் பிறகு வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அதை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் தருகிறது. அதற்குள் குழுவும் கலைஞ்சிருக்கும், படங்களும் பழசாகியிருக்கும். கடிதம் வருவது ஒரே ஒரு வீட்டுக்கு. "அண்டைக்கு ஆர் அந்த வீதியால போகச் சொன்னது?" என்ற கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லமாட்டினம்.

எங்களுக்கு இது காசுப் பிரச்சினையாக மட்டும் தெரியவில்லை. சொந்தக்காரருக்குள், சிநேகிதருக்குள் பொறுப்பை எப்படிப் பகிர்கிறோம் என்பதே கேள்வி. மகிழ்ச்சியை ஆறு பேரும் பிரித்து எடுக்கிறோம், ஆபத்தை ஒருவர் பேரில் எழுதி வைக்கிறோம். அந்த ஒருவர் பெரும்பாலும் புதிதாக வேலையில் சேர்ந்தவர், அல்லது "அவளுக்கென்ன, வெளிநாட்டில இருக்கிறாள்" என்று எல்லாரும் நினைக்கிற மச்சாள். அவளுடைய அட்டைக்கும் ஒரு எல்லை இருக்கு.

ஆகவே எங்கட பரிந்துரை: ஒரே காரில் எல்லா நாடும் என்ற கனவை விடுங்கள். நாடுகளுக்கு இடையே ரயில், நாட்டுக்குள்ளே கார். பாரிசிலிருந்து சூரிச்சுக்கு அதிவேக ரயில் நாலு மணித்தியாலம் அளவில் போகும். பாரிசிலிருந்து கேல்ன் வரைக்கும் நேரடி ரயில் இருக்கு, அங்கேயிருந்து ஹம் கிட்ட. இதையே காரில் பாரிஸ், ஹம், சூரிச் என்று ஓடினால் ஒவ்வொரு பாதியும் யாழ்ப்பாணம் கொழும்புத் தூரத்தைவிடக் கூட. அதை இரண்டு நாளில் ஒரு ஆள் ஓடுவதென்றால் மற்றவர்கள் பார்ப்பது இயற்கைக் காட்சி, அவர் பார்ப்பது வெள்ளைக் கோடு. காரை அது தேவைப்படும் இடத்துக்கு வையுங்கள்: பஸ் போகாத மலைக் கிராமம், கடற்கரை வளைவுகள். எடுத்த நாட்டிலேயே திருப்பி விடுங்கள். மேலே சொன்ன சிக்கல்களில் பாதி அங்கேயே முடியும்.

"ஆறு பேருக்கு ரயில் டிக்கெற் எவ்வளவு தெரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடைசி நேரத்தில் எடுத்தால் ரயில் விலைதான். ஆனால் கார்ப் பக்கத்துக் கணக்கில் நாள் வாடகையையும் பெற்றோலையும் மட்டும் போடாமல் மேலதிகச் சாரதி, எல்லை அனுமதி, வீதி வில்லை, தரிப்பிடம், வேறு நாட்டில் விடும் கட்டணம் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிறகும் கார் மலிவு என்றால் காரிலேயே போங்கள். முழங்கால் வருத்தத்தோடு அம்மம்மா வாறா, கைக்குழந்தை இருக்கு என்றால் கார்தான் சரி, அதில் எங்களுக்கு வாதம் இல்லை.

அப்படிப் போவதானால் மூன்று விசயம் முதலே பேசித் தீருங்கள். ஒன்று, ஓடப்போகிற எல்லாருடைய பேரையும் ஒப்பந்தத்தில் போடுங்கள், அந்தக் கட்டணம் எல்லாருடைய செலவு. இரண்டு, ஒரு பொதுக் காசு சேர்த்து, பயணம் முடிந்தவுடன் பிரிக்காமல் ஒரு வருடம் வைத்திருங்கள். பிந்தி வாற தண்டமும், காப்புறுதியில் நாங்கள் பொறுக்க வேண்டிய தொகையும் அதிலிருந்து போகட்டும். காரை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். மூன்று, யாருடைய பேரில் காரோ, பாதையில் கடைசி வார்த்தை அவருடையது. "நான் களைச்சுப் போனன், இண்டைக்கு இங்கேயே நிப்பம்" என்று அவர் சொன்னால் அதோடு முடிஞ்சுது. "அந்த நாட்டுக்குப் போக அனுமதி எடுக்கேல்லை" என்று சொன்னால் முகத்தைத் தூக்கக் கூடாது.

அடுத்த முறை குழுவில் வரைபடம் வந்தால், அதற்குக் கீழே இந்தக் கேள்வியை முதல் ஆளாக எழுதுங்கள். பதில் வராமல் குழு அமைதியானால், அந்தப் பயணத்துக்கு இன்னும் கார் தயாரில்லை என்று அர்த்தம்.