வகுப்பவர் யார்? மாமன்றமின்றி நடந்த மும்பையின் வரவு-செலவு

2025 பிப்ரவரி 4 அன்று மும்பை மாநகராட்சி தனது 2025-26ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையை வெளியிட்டது. அதன் அளவு 74,427 கோடி ரூபாய். கோவா, திரிபுரா, இமாசலப் பிரதேசம் ஆகிய மாநில அரசுகள் ஒவ்வொன்றின் ஆண்டுக் கணக்கைக் காட்டிலும் இது பெரிது. முதலாளித்துவ ஏடுகள் இந்தத் தொகையைத் தலைப்பாக்கி மகிழ்ந்தன. சாலை, மேம்பாலம், சுரங்கப்பாதை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று பட்டியல்கள் நீண்டன. ஆனால் அந்தக் கணக்கைப் பற்றிய முதன்மையான செய்தி பெரும்பாலும் தலைப்புக்கு வரவில்லை. மும்பை மக்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஓர் உறுப்பினரும் அதனை விவாதிக்கவில்லை. ஒருவரும் அதற்கு வாக்களிக்கவில்லை.

மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் 7 அன்று முடிந்தது. அடுத்த தேர்தலின் வாக்குப்பதிவு 2026 ஜனவரி 15 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டு பத்து மாதங்களில் மாநில அரசு நியமித்த ஆணையரே நிர்வாகியாகவும் இருந்தார். 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டப்படி ஆணையர் மதிப்பீட்டை அளிக்க வேண்டும். நிலைக்குழு அதனை ஆராய வேண்டும். மாமன்றம் விவாதித்து ஏற்க வேண்டும். இந்த மூன்று படிகளும் ஒரே அலுவலகத்துக்குள் சுருங்கின. 2023-24இல் 52,619 கோடி, 2024-25இல் 59,954 கோடி, 2025-26இல் 74,427 கோடி என மூன்று நிதிநிலை அறிக்கைகள் இவ்வாறே நிறைவேறின. கூட்டினால் 1 இலட்சத்து 87 ஆயிரம் கோடி ரூபாய். அவ்வளவு பணமும் கேட்பாரின்றிப் பங்கிடப்பட்டது.

வள்ளுவர் அரசின் தொழில்களை நான்காகப் பகுத்தார். பொருள் வரும் வழிகளை இயற்றுவது, ஈட்டுவது, காப்பது ஆகியவற்றைச் சொன்ன பின் முடிவில் வைத்தது வகுத்தலை. நம் காலத்து அரசுகளின் விளம்பரங்கள் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றன. எவ்வளவு ஈட்டினோம், எவ்வளவு சேமித்தோம் என்பன அவற்றில் உண்டு. யாருக்கு வகுத்தோம், வகுத்தவர் யார் என்பன இல்லை. இவ்விரு கேள்விகளையும் கேட்பதே இடதுசாரிகளின் வேலை.

ஆயிரம் கோடியும் நாலாயிரத்து முந்நூறு கோடியும்

அந்த நிதிநிலை அறிக்கையில் 43,162 கோடி ரூபாய், அதாவது ஏறத்தாழ 58 விழுக்காடு, மூலதனச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. மூலதனச் செலவு என்றாலே வளர்ச்சி என்று நம்பப் பழக்கப்பட்டிருக்கிறோம். எத்தகைய மூலதனம் என்று பார்ப்போம். வெர்சோவாவிலிருந்து தகிசர் வழியாக வடக்கே நீளும் கடலோரச் சாலைக்கு மட்டும் அந்த ஓராண்டில் 4,300 கோடி. நாள்தோறும் ஏறக்குறைய 30 இலட்சம் பயணிகளைச் சுமந்த 'பெஸ்ட்' நிறுவனத்துக்கு 1,000 கோடி.

தென்மும்பையில் ஏற்கெனவே கட்டப்பட்ட கடலோரச் சாலையில் இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை. பன்னிரண்டாயிரம் கோடிக்கும் மேல் பொதுப்பணம் செலவிட்ட அச்சாலை, முதன்மையாகக் கார் வைத்திருப்போருக்கான சாலை. வோர்லியிலிருந்து மரைன் டிரைவ் வரை அவர்களின் நேரம் மிச்சமானது உண்மை. அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தவர் யார்?

2025 மே 9 முதல் பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயானது. குளிரூட்டப்பட்ட பேருந்தில் 6 ரூபாய் 12 ஆனது. ஒரே நாளில் இரட்டிப்பு! வீட்டுவேலைக்குச் செல்லும் பெண், காவலாளி, கூரியர் பையைத் தூக்கும் இளைஞர் ஆகியோர் பயணத்துக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகத் தந்தார்கள். ஒரு நாளில் இரண்டு பேருந்து மாறிப் போய் இரண்டு மாறித் திரும்புபவருக்கு இது இருபது ரூபாய். மாதம் 26 வேலைநாளுக்கு 520 ரூபாய். இந்தச் சுமையை ஏற்ற எந்த மாமன்றத்திலும் கை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. கை உயர்த்தியவரைத் தெருமுனையில் நிறுத்திக் கேட்கவும் வழியில்லை.

பெஸ்ட் நிறுவனத்தை 1947 ஆகஸ்ட் 7 அன்று மாநகராட்சி தனியாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு நாள் முன்பு. தன் பேருந்தும் தன் மின்சாரமும் தன் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு நகரம் முடிவெடுத்த நாள் அது. இன்று அது படிப்படியாகக் கழற்றப்படுகிறது. 3,337 சொந்தப் பேருந்துகளை நிலைநிறுத்துவதாக 2019இல் தொழிற்சங்கத்துடன் நிர்வாகம் உடன்பாடு செய்தது. ஆனால் சொந்தப் பேருந்துகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மீதமுள்ளவை ஒப்பந்தக்காரர்களின் வண்டிகள். வண்டியும் அவர்களுடையது, ஓட்டுநரும் அவர்களுடைய கூலியாள். நட்டம் என்று சொல்லிப் பேருந்துகளைக் குறைப்பதும், பேருந்து குறைந்ததால் பயணிகள் குறைய, அதனை மேலும் ஒரு நட்டமாகக் காட்டுவதும் நவீன தாராளமயம் பொதுத்துறையைக் கொல்லும் பழகிய முறை.

'பயனர் கட்டணம்' என்னும் சொல்

சொற்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சொல்லைச் சுட்டுகிறேன். 2025 ஏப்ரலில் மாநகராட்சி வெளியிட்ட திடக்கழிவு விதிகளின் வரைவில் வீடுகளிடமிருந்து மாதந்தோறும் 'பயனர் கட்டணம்' திரட்டும் யோசனை வந்தது. 50 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு 100 ரூபாய், அதற்கு மேல் 500, பெரிய வீட்டுக்கு 1,000. குப்பையை அகற்றுவது நகராட்சியின் கடமை. அதற்காகவே வரி வாங்குகிறார்கள். கடமையைச் சேவை என்றும், சேவையை விற்பனை என்றும், குடிமகனைப் பயனர் என்றும் பெயர் மாற்றியபின், கட்டணம் கேட்பது இயல்பாகிவிடுகிறது. பயனருக்கு வாக்குரிமை கிடையாது. பற்றுச்சீட்டு மட்டுமே உண்டு. மாமன்றமில்லாத நகரத்துக்கு ஏற்ற சொல்தான்.

இன்னொரு யோசனை நிதிநிலை அறிக்கையிலேயே இருந்தது. குடிசைப்பகுதிகளில் நடக்கும் கடைகள், பட்டறைகள், சிற்றுண்டிச் சாலைகள் ஆகியவற்றின் மீது சொத்துவரி விதித்து ஏறத்தாழ 350 கோடி திரட்டுவது. தங்கள் இடத்துக்குச் சட்ட உரிமையை அங்கீகரிக்காத அரசு, அந்த இடத்துக்கே சொத்துவரி கேட்கிறது. இதே மகாராஷ்டிரத்தில் 2021 ஜனவரியில் கட்டுமான நிறுவனங்கள் செலுத்த வேண்டிய பிரீமியத் தொகைகளில் 50 விழுக்காட்டை ஓராண்டுக்குத் தள்ளுபடி செய்தார்கள். அது வேறு கூட்டணி ஆண்ட காலம். கூட்டணிகள் மாறினாலும் சலுகை பெறுவோரும் சுமை பெறுவோரும் மாறவில்லை.

தேவ்னாரின் குப்பைமேடு

இந்தக் கணக்கின் வர்க்கத் தன்மையை ஒரே இடத்தில் காண விரும்புவோர் தேவ்னாருக்குப் போக வேண்டும். 1927 முதல் நகரத்தின் குப்பை அங்கே கொட்டப்படுகிறது. சுற்றியுள்ள கோவண்டி, மான்கூர்து மக்கள் மூச்சுக்குழல் நோயோடு வாழப் பழகியவர்கள். அந்த மேட்டை அகற்றுமாறு அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டார்கள். அவசரம் காட்டப்பட்டது இப்போதுதான். தாராவி மறுசீரமைப்பில் 'தகுதியற்றோர்' என்று கழிக்கப்படுவோரைக் குடியமர்த்த, தேவ்னார் வளாகத்தில் 124 ஏக்கரை மாநில அமைச்சரவை 2024இல் ஒதுக்கியது. 2025 மே மாதம், 185 இலட்சம் டன் பழங்கழிவை அகற்ற 2,368 கோடி ரூபாய் மதிப்பில் மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியது.

தாராவித் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானி குழுமத்துக்கும் 20 விழுக்காடு மாநில அரசுக்கும் சொந்தம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு. பிந்தி வந்தோருக்கும் மாடியில் இருப்போருக்கும் நகரத்தின் விளிம்பு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த உழைப்பாளிகளும் ஒரே சல்லடையில் சலிக்கப்படுகிறார்கள். தாராவியின் நிலமதிப்பு பெருநிறுவனத்துக்கு. தேவ்னாரின் குப்பையை அள்ளும் செலவு மாநகராட்சிக்கு. அதற்குமேல் வீட்டுக் குப்பைக்கு மாதக் கட்டணம் ஏழைக்கு. இதுவே வகுத்தல்.

சேமிப்பும் பங்கீடும்

மும்பை மாநகராட்சியின் வைப்புநிதி 2022இல் 92 ஆயிரம் கோடியை நெருங்கியிருந்தது. 2025 தொடக்கத்தில் ஏறத்தாழ 82 ஆயிரம் கோடி. வைப்புநிதியைத் தொடவே கூடாது என்பது நம் வாதமன்று. மக்கள் பணம் வங்கியில் உறங்குவதற்கு அன்று. அதில் ஓய்வூதியத்துக்கும் வருங்கால வைப்புக்கும் உரிய தொகைகளும் அடங்கியிருக்கையில், எந்தப் பணியை நம்பி, யார் ஒப்புதலுடன் எடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதே நம் வாதம். சொல்வதற்கு அவை இருக்கவில்லை, கேட்பதற்கும் இருக்கவில்லை.

அவை இல்லாத இடத்தில் வேறு சிலர் அமர்ந்தார்கள். 2023இல் மாநில அமைச்சர் ஒருவருக்கு மாநகராட்சித் தலைமையகத்திலேயே அலுவலகம் தரப்பட்டது. வட்ட உறுப்பினர்கள் இல்லாததால் சட்டமன்ற உறுப்பினர்களின் பரிந்துரைப்படி மாநகராட்சி நிதி வழங்கும் ஏற்பாடு வந்தது. ஆளுங்கூட்டணியினரின் தொகுதிகளுக்கு நிதி சென்றதையும் எதிர்க்கட்சியினரின் விண்ணப்பங்கள் கிடப்பில் கிடந்ததையும் 2024 ஜனவரியில் ஆங்கில நாளேடு ஒன்று ஆவணங்களோடு வெளியிட்டது. 'அரசியலற்ற நிர்வாகம்' என்பதன் பொருள் இதுதான். அரசியல் ஒழியவில்லை, மக்களின் கண்ணுக்கு எட்டாத அறைக்குள் போய்விட்டது.

'ஊழல் ஒழிந்ததே' என்போருக்கு

நடுத்தர வர்க்கத்தில் ஒரு பகுதியினர் கேட்கிறார்கள்: வட்ட உறுப்பினர்கள் ஊழல் செய்யவில்லையா? ஆணையர் ஆட்சியில் வேலை விரைந்து நடக்கவில்லையா?

ஊழல் நடந்தது. 2019 முதல் 2022 வரையிலான சுமார் 12 ஆயிரம் கோடி மதிப்புள்ள பணிகளை ஆராய்ந்த தலைமைக் கணக்காயரின் சிறப்பு அறிக்கை, ஒப்பந்தப்புள்ளியின்றித் தந்த வேலைகளையும் ஒப்பந்தமே எழுதாமல் நடந்த வேலைகளையும் பட்டியலிட்டது. அக்காலத்தின் பெரும்பகுதியில் மாமன்றம் இருந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள் அதிகாரிகள் அல்லவா? ஊழலில் பங்குள்ள இரு தரப்பில், வாக்குக்கு அஞ்சும் தரப்பை நீக்கிவிட்டு, வாக்குக்கு அஞ்சத் தேவையற்ற தரப்பிடம் முழுச் சாவியையும் தருவது எந்த வகைத் தூய்மை?

தேர்தல் தள்ளிப்போனதற்கு இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டு வழக்கைக் காரணம் காட்டினார்கள். ஓர் அரசு வட்டங்களை 227இலிருந்து 236 ஆக்கியது. அடுத்த அரசு மீண்டும் 227 ஆக்கியது. அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு, ஐந்தாண்டு முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. 2025 மே 6 அன்று உச்சநீதிமன்றம் காலக்கெடு விதித்த பின்னரும் அவகாசம் கேட்டு வாங்கினார்கள். இது மும்பையின் தனிக்கதையும் அன்று. பெங்களூருவின் மாமன்றக் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடத்தப்படவில்லை. சென்னை 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமின்றி இருந்தது. பாரதிய ஜனதாவும் காங்கிரசும் மாநிலக் கட்சிகளும் இதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

பணமும் மேலிருந்தே வருமாறு ஆக்கப்பட்டது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது மும்பை தானே திரட்டிய நுழைவு வரி ஒழிந்தது. மாநில அரசு தரும் இழப்பீட்டை எதிர்நோக்கும் நிலை வந்தது. இந்திய நகராட்சிகளின் வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டையே சுற்றி நிற்பதாக ரிசர்வ் வங்கி 2022இல் கூறியது. பிரேசிலில் இது ஏறத்தாழ 7 விழுக்காடு. வரி அதிகாரம் தில்லியிலும், திட்ட அதிகாரம் மாநிலத் தலைநகரிலும், குப்பை வண்டி மட்டும் நகராட்சியிலும் என்ற ஏற்பாட்டில், நகராட்சி ஏழையிடமே கை நீட்டும்.

இனிச் செய்ய வேண்டியது

மாமன்றம் திரும்பியிருக்கிறது. ஆனால் ஆளற்ற நாற்காலிகள் நிறைந்ததாலேயே கணக்கு நேராகிவிடாது. மூன்று நிதிநிலை அறிக்கைகளின் செலவும், வைப்புநிதியிலிருந்து எடுத்த தொகையும், சட்டமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையால் சென்ற நிதியும் வெள்ளை அறிக்கையாக அவையில் வைக்கப்பட வேண்டும். பேருந்துக் கட்டண உயர்வு திரும்பப் பெறப்பட வேண்டும். பெஸ்ட் நிறுவனத்தின் கணக்கு மாநகராட்சிக் கணக்கோடு இணைக்கப்பட வேண்டும். குப்பைக் கட்டண யோசனையும் குடிசைக் கடை வரியும் கைவிடப்பட வேண்டும். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் 2,700 பேரை நிரந்தரமாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது. அந்த நெறி இன்று ஒப்பந்தத்தில் உழைக்கும் அனைவருக்கும் பொருந்த வேண்டும்.

இவை வானத்திலிருந்து விழும் கோரிக்கைகள் அல்ல. இதே மும்பையில் 1958இல் கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். எஸ். மிரஜ்கர் மேயரானார், ஆலைத் தொழிலாளியின் குரல் அந்த அவையில் ஒலித்தது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு அளித்து, கிராமசபையிலும் வட்டசபையிலும் மக்களையே வகுக்க வைத்தது.

எந்த நகரத்தில் இருந்தாலும் கட்சிக் கிளைகளுக்கு இதில் வேலை உண்டு. உங்கள் நகராட்சியின் நிதிநிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வட்டத்துக்கு வந்த தொகையையும், பேருந்துக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய தொகையையும் எடுத்து எழுதுங்கள். தெருமக்கள் பேசும் மொழியில் அதைத் தெருக்கூட்டத்தில் படியுங்கள். தான் கொடுத்த காசு எங்கே போனது என்று கேட்கும் ஒரு தெரு உருவானால், ஆணையரும் அமைச்சரும் அந்தத் தெருவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.