கட்டிய வீட்டைப் படம் காட்டலாமா?

ஒரு வீடு கட்டி முடிகிறது. காண்ட்ராக்டர் சாவியைக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் பால் காய்ச்சிக் குடியேறுகிறார்.

சில மாதங்கள் கழித்து, அந்த வீட்டின் படம் செல்போனில் ஊரெல்லாம் சுற்றுகிறது! "இது நாங்கள் கட்டிய வீடு" என்று காண்ட்ராக்டர் விளம்பரம் செய்கிறார்.

"என் பணத்தில் கட்டிய வீடு. என்னைக் கேட்காமல் எப்படிக் காட்டலாம்?" என்கிறார் வீட்டுக்காரர்.

"என் உழைப்பில் எழுந்த வீடு. இதைக் காட்டாவிட்டால் அடுத்த வேலையை யார் தருவார்கள்?" என்கிறார் காண்ட்ராக்டர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சட்டம் என்ன சொல்லுகிறது?

வெளியே இருந்து எடுத்தால்?

நம் நாட்டில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கலை அழகுள்ள கட்டடமும் அந்தச் சட்டப்படி ஒரு கலைப்படைப்புதான். ஆனாலும், கட்டடத்தைப் போட்டோ எடுப்பதும், அதை வெளியிடுவதும் பதிப்புரிமையை மீறுவது ஆகாது என்று அதே சட்டத்தின் 52-வது பிரிவு கூறுகிறது. ஆகவே, ரோட்டில் நின்றால் தெரிகிற முகப்பைப் படம் எடுத்தால், பதிப்புரிமையைச் சொல்லி அதைத் தடுக்க முடியாது.

படம் யாருக்குச் சொந்தம்?

காண்ட்ராக்டர் தம் செல்போனில் தாமே எடுத்த படம் அவருக்குச் சொந்தம். அவர் கூலி கொடுத்து வேறொருவரை எடுக்கச் சொன்னாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே சொந்தம். இது 17-வது பிரிவு.

ஆனால், கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்காரர் பணம் கொடுத்து எடுத்த படம் வீட்டுக்காரருடையது. அதை எடுத்து விளம்பரத்தில் போடக் காண்ட்ராக்டருக்கு உரிமை இல்லை.

உள்ளே எடுத்தால்?

இங்கேதான் சிக்கல்! சாவி கைமாறிய பிறகு, வாசற்படி தாண்ட வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். படுக்கை அறை, பீரோ இருக்கும் இடம், பின் கதவு, விளையாடும் குழந்தை எல்லாம் படத்தில் விழுந்தால் என்ன ஆகும்? திருடனுக்கு வழி காட்டியது போல ஆகாதா?

தமிழ்நாட்டில் எழுந்த ஒரு பத்திரிகை வழக்கில், 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. புகழ்ந்து எழுதினாலும் கூடாது என்று கோர்ட்டு கூறியது. பொது ஆவணங்களில் உள்ள செய்திகளுக்கு விலக்கு உண்டு. 2017-ல் 9 நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தார்கள்.

உழைத்தவன் கதி என்ன?

கொத்து வேலையையும் தச்சு வேலையையும் பலர் மூத்தவர்களிடம் கைவேலையாகவே கற்றார்கள். பட்டம் இல்லை. செய்த வேலையின் படம்தான் அவர்களுக்குச் சான்றிதழ்.

டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். பிரகதி மைதானத்தில் 1972-ல் எழுந்த பெரிய கண்காட்சி மண்டபத்தை வடிவமைத்தவர் ராஜ் ரேவால். 2017-ல் அதை இடித்துவிட்டார்கள். மீண்டும் கட்டித்தர வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். 2019-ல் டெல்லி ஐகோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. பேர்பெற்ற நிபுணருக்கே தம் கட்டடத்தைக் காக்க முடியவில்லை! இன்று அதைப் பார்க்க வேண்டுமானால், படத்தில்தான் பார்க்க வேண்டும். சாதாரண மேஸ்திரிக்குப் படம் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

என்ன செய்யலாம்?

வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த எந்த இடத்தைப் படம் எடுக்கலாம், எங்கே காட்டலாம் என்று குறிப்பிடுங்கள். ஆட்களின் முகம், கதவு எண், தெருப் பெயர் வரக்கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். படம் வேண்டாம் என்றால், அதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கதவு மட்டும் செய்தவர், "கதவு என் வேலை" என்றே சொல்ல வேண்டும். முழு வீட்டையும் தம்முடையது என்று காட்டினால், அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது ஆகும்.

வீடு கட்ட மாதக்கணக்கில் ஆகிறது. இதை எழுத இரண்டு வரி போதும். முன்பணம் கைமாறும் அன்றே எழுதிவிட்டால், பின்னால் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியது இல்லை.