கரண்ட்டை நிறுத்தினால் கம்பி போய்விடுமா?

பல வருஷங்களுக்கு முன் ஒரு தேர்தல் சமயம். எங்கள் பக்கம் ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வருகிறார் என்று கரும்பு வெட்டிய நிலம் ஒன்றைச் சமன் செய்து, சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். நான் அப்போது மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஓரமாகப் பம்புசெட்டுக்குப் போகும் லைன் ஒன்று இருந்தது. “அந்த ஒரு மணி நேரம் லைனை ஆஃப் பண்ணிடுங்க, போதும்” என்றார் வந்திருந்த அதிகாரி.

என் கூட இருந்த லைன்மேன் சும்மா இருக்க மாட்டார். “சார், கரண்ட்டை நிறுத்தினா கம்பி போயிடுமா?” என்று கேட்டுவிட்டார்.

அதிகாரிக்குக் கோபம். ஆனாலும் மறுநாள் காலையில் இரண்டு ஸ்பேன் கம்பியை அவிழ்த்துத் தரையில் இறக்கிய பிறகுதான் ஹெலிகாப்டர் வந்தது. தலைவர் பேசினார், போனார். சாயந்திரம் நாங்கள் கம்பியை மறுபடி ஏற்றிக் கட்டினோம்.

அந்தக் கேள்வி பிறகு இரண்டு முறை எனக்கு நினைவுக்கு வந்தது. முதல் முறை 2019 ஆகஸ்டில். உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டத்தின் ஆராகோட் பக்கம் மேகவெடிப்பு. சாலைகள் போய்விட்டன. மோல்டி என்ற மலைக்கிராமத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன ஹெலிகாப்டர், ஆகஸ்ட் 21-ம் தேதி கம்பியில் சிக்கி விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். அது மின்கம்பிகூட இல்லை. தோட்டத்திலிருந்து ஆப்பிள் பெட்டிகளைக் கீழே இறக்க மலைக்கு மலை கட்டியிருந்த டிராலிக் கம்பி. இரண்டே நாள் கழித்து அதே பகுதியில் இன்னொரு ஹெலிகாப்டர் அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தது. அதற்கும் கம்பியைத்தான் காரணம் சொன்னார்கள்.

அடுத்தது 2025 மே 8. அதே மாவட்டத்தில் கங்னானி. யாத்திரிகர்களை ஏற்றிப்போன ஹெலிகாப்டர் கங்கோத்ரி சாலையில் அவசரமாக இறங்கப் பார்த்தபோது, அதன் மேல் இறக்கை சாலையோரம் ஓடிய ஃபைபர் கேபிளில் பட்டது என்கிறது விபத்து விசாரணை அமைப்பின் முதற்கட்ட அறிக்கை. ஆறு பேர் இறந்தார்கள்.

ஆப்பிள் கம்பியும் சரி, ஃபைபர் கேபிளும் சரி, அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. மேலிருந்து வந்தவருக்குத்தான் தெரியவில்லை. என் ஆதங்கம் இதுதான்.

முப்பது வருஷம் கம்பியோடு வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன். கீழே நின்று பார்த்தால் கம்பிக்குப் பின்னால் வானம், பளிச்சென்று தெரியும். மேலே இருந்து பார்த்தால் பின்னால் மண்ணும் மரமும். கம்பி அதில் கரைந்துவிடும். அதனால் பைலட்டுகள் கம்பியைத் தேடுவதில்லை, கம்பத்தைத் தேடுவார்கள். கம்பத்தைக் கண்டால் அங்கே கம்பி உண்டு என்று வைத்துக்கொண்டு, கம்பத்தின் உச்சிக்கு மேலேயே கடப்பார்கள். சமவெளியில் ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒரு போஸ்ட் இருப்பதால் இது சரிப்படும். மலையில் ஒரு போஸ்ட் இந்தச் சரிவு மரங்களுக்குள், அடுத்தது எதிர்ச் சரிவில். நடுவே பள்ளத்தாக்கின் மேல் கம்பி மட்டும் தொங்கும்.

கம்பியை வெட்டும் கத்தி சில ஹெலிகாப்டர்களின் மூக்கில் மேலும் கீழும் பொருத்தப்பட்டிருக்கும். நல்ல கருவிதான். ஆனால் வேகமாக நேரே போய் மோதினால்தான் அது வெட்டும். இறங்கும்போது ஏது வேகம்? புழுதி வேறு கிளம்பிக் கண்ணை மறைக்கும்.

நமக்கு எதற்கு இந்தக் கதை என்பீர்கள். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு ஹெலிகாப்டர்தான் சாப்பாடு கொண்டுபோனது. மறுவருஷம் டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தபோது தென்பெண்ணை எப்படி வந்தது என்று மூங்கில்துறைப்பட்டில் யாரும் மறக்கவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் சாலை நாலு இடத்தில் சரிந்தால் கல்வராயன் மலை ஊர்களுக்கு யார் போவது?

“முதல்ல ஒழுங்கா ரோடு போடட்டும், அப்புறம் ஹெலிகாப்டர் பேசலாம்” என்றார் என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாஸ்தவம், நானும் ரோடு கட்சிதான். ஆனால் நான் கேட்பதற்குக் காசு வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய திடல் ஒன்றை இப்போதே பார்த்து வைக்க வேண்டும். அதைச் சுற்றி எங்கெங்கே என்ன கம்பி ஓடுகிறது, எவ்வளவு உயரத்தில் என்று ஒரே தாளில் வரைந்து தாலுகா ஆபீஸில் ஒன்று, பஞ்சாயத்தில் ஒன்று வைக்க வேண்டும். வரைய வேண்டியவர் அந்த ஏரியா லைன்மேன். அவரைவிட யாருக்குத் தெரியும்? மின்வாரியக் கம்பியோடு நிறுத்தக் கூடாது. ஸ்டே கம்பி, கேபிள் டிவி ஒயர், போஸ்ட்டிலேயே கட்டிப்போகும் ஃபைபர், சவுக்குக் கழியில் விவசாயி இழுத்த மோட்டார் ஒயர், எல்லாம் அதில் வர வேண்டும். புயலுக்குப் பிறகு போஸ்ட் சாய்ந்து கம்பி தாழ்ந்திருக்கும் என்பதால், ஹெலிகாப்டரைக் கூப்பிடும் முன் அவரே ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காலையில் நான் நடக்கும் மைதானத்தை மட்டும் போன மாதம் ஒரு நோட்டில் வரைந்தேன். மேற்கே எல்.டி. லைன், மூலையில் இரண்டு ஸ்டே, வடக்கே ஒரு கேபிள். நேற்றுப் போனால், கேபிள்காரத் தம்பி வேப்பமரத்திலிருந்து எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாக ஒன்று இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். “எதுக்கு சார் இதையெல்லாம் எழுதுறீங்க?” என்று கேட்டார். விவரம் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கிவந்து நோட்டை வாங்கிப் பார்த்தவர், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் விட்டுவிட்ட ஒரு ஒயரைக் காட்டினார்.