“பர்சன்டேஜ் பத்தலே, போய்யா!” உதவித்தொகை மறுப்பா? எந்தக் கதவைத் தட்டுவது?

(நமது நிருபர்)

சென்னை:

இடது காலை இழுத்து இழுத்து வந்தார் அந்த லோடுமேன். வயசு 54. பாரிமுனையில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து சரிந்த மூட்டை காலை நசுக்கி நாலு வருஷம் ஆகிறது. கையில் ஒரு மஞ்சப் பை. உள்ளே எக்ஸ்ரே, ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு.

“மூணு தடவ மனு போட்டாச்சு தம்பி. மூணு தடவையும் கிடையாதுன்னுட்டாங்க.”

“ஏன் கிடையாதாம்ணே?”

“ஆங்?” என்றார். பக்கத்தில் நின்ற மனைவி காதருகே போய் சத்தமாகக் கேட்டார்.

“பர்சன்டேஜ் பத்தலையாம்!”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“வாயாலதான் சொன்னாங்க.”

பையைத் துழாவினால் மருத்துவச் சான்றிதழ் கிடைத்தது. ‘30 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. மூணு தடவையும் அவர் மனு போட்டது தாலுகா ஆபீசில். சதவீதத்தைப் போட்டதோ டாக்டர்கள். தாலுகா ஆபீஸ் கிளார்க் அதை மாற்ற முடியுமா? மூணு வருஷமாகத் தப்பான கதவைத் தட்டியிருக்கிறார் மனுஷர்!

இவர் ஒருவர் கதை அல்ல இது. உதவித்தொகை மறுக்கப்பட்டால் பலரும் செய்வது இதைத்தான். மறுபடி அதே மனு, அதே கவுண்டர், அதே பதில்.

இரண்டு பாக்கெட்

தமிழ்நாட்டில் இந்தப் பணம் இரண்டு பாக்கெட்டிலிருந்து வருகிறது. ஒன்று, வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023-ல் இது மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. கடும் பாதிப்பு, மனவளர்ச்சிக் குறைவு, தசைச்சிதைவு போன்றவர்களுக்கானது. இது 2,000 ரூபாயாக உயர்ந்தது.

சட்டத்தின் கோடு 40 சதவீதம். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே நிற்பவருக்கு வருஷத்துக்கு 18,000 ரூபாய் நஷ்டம். மூட்டை தூக்க முடியாதவருக்கு அது அரிசிப் பணம்.

காரணம் மூணு, கதவும் மூணு

சதவீதம் குறைவு என்றால் டாக்டர்கள் முடிவை எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும். 2016 சட்டத்தின் 59-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போட வேண்டும். எங்கே கொடுப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். கெடு உண்டு. நாள் கடத்தக் கூடாது.

வருமானம், சொத்து, குடும்ப ஆதரவு என்று காரணம் சொன்னால் அது வருவாய்த்துறை விவகாரம். தாசில்தாருக்கு மேலே இருப்பவர்களிடம் போக வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். ரசீது வாங்காமல் வரக்கூடாது.

ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்றால் மேல்முறையீடே வேண்டாம். பெயரைத் திருத்தி மறுபடி போட்டால் போதும்.

காதை யாரும் கேட்கவில்லை!

லோடுமேனின் சான்றிதழில் கால் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு காதும் மந்தம் என்பது எங்கேயும் இல்லை. “அதையும் சொல்லணும்னு யாரு சொன்னா?” என்கிறார் மனைவி.

இரண்டு குறை இருந்தால் சேர்த்துப் போட வழி இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியில் கணக்கு உண்டு. பெரிய சதவீதத்தை 90-லிருந்து கழி. மிச்சத்தைச் சின்ன சதவீதத்தால் பெருக்கு. 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரியதோடு கூட்டு.

கால் 30, காது 20 என்று வையுங்கள். நேராகக் கூட்டினால் 50. இந்தக் கணக்கில் சுமார் 43 வரும். அப்படியும் கோட்டைத் தாண்டியாச்சு! அவர் காது எத்தனை சதவீதம் என்பதைப் பரிசோதித்த பிறகுதான் டாக்டர் சொல்ல முடியும். ஆனால் பரிசோதிக்கவே இல்லையே?

காகிதம் கேள்!

ஊனம் இல்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 58-வது பிரிவு. மற்ற ஆபீஸ்களுக்கு 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டி, ‘என் மனுவை என்ன காரணத்தால் தள்ளினீர்கள்?’ என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். வாய் வார்த்தையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. காகிதம் இருந்தால் முடியும்.

அரசாங்கமும் கெடுவை இழுத்துவிட்டது. சான்றிதழ் தர 2017 விதியில் ஒரு மாசம். 2024 அக்டோபர் திருத்தத்தில் அது மூணு மாசம் ஆனது. ஆஸ்பத்திரி முடிவு சொல்லாமல் இரண்டு வருஷம் போனால் மனு செயலற்றுப் போய்விடும். மறுபடி போடணும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியை அணுகி மனுவுக்கு உயிர் கொடுக்கணும். தாமதம் அவர்களுடையது, தண்டனை மனுதாரருக்கா?

வக்கீல் வைக்கக் காசில்லையே என்று பயப்பட வேண்டாம். 1987 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. போன் 15100. அங்கேயும் வழி பிறக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சியை வரவழைக்க, ஆவணம் கேட்க, சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

லோடுமேன் இந்த வாரம் நலத்துறை அலுவலகத்துக்குப் போகிறார். காது பரிசோதனையும் கேட்கப் போகிறார். “இந்தத் தடவயாவது சரியான எடமா தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

‘இன்ன காரணத்தால் மறுப்பு, இன்னாரிடம் மேல்முறையீடு செய்யவும்.’ மறுக்கும் சீட்டில் இந்த இரண்டு வரியை அச்சடித்துக் கொடுத்தால் மூணு வருஷ அலைச்சல் மிச்சம். இதற்கு என்ன செலவாகிவிடும்?

அதிகாரிகள் கவனிப்பார்களா?