சுவரைப் பார்க்க வந்த ஆசாரியன்

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33–53



இந்த வேதப்பகுதியை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பலிகளையும் சுத்திகரிப்புகளையும் பற்றிய அதிகாரத்தில் ஒரு வீட்டுச் சுவர் வருகிறது. அதில் பச்சையும் சிவப்புமாகக் குழிவிழுந்த கறைகள் தோன்றினால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய் அறிவிக்கவேண்டும். நம் வேதாகமம் அதைக் குஷ்டதோஷம் என்கிறது. அது பூஞ்சணமாக இருக்கலாம் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர். ஈரம் பிடித்த சுவர் தேவனுடைய பார்வையில் அற்பமானதல்ல என்பதை இதில் காண்கிறேன்.

தேவாரத்திலும் போடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் நாம் செய்வது என்ன? கிறிஸ்துமஸ் நெருங்குவதால் சுவரின் கறுப்பின்மேலேயே பெயின்ட் அடிக்கிறோம். அடுத்த மழையில் அது கொப்புளித்து உரிகிறது. மலைமேலுள்ள ஏலத்தோட்ட லயன் வீடுகளுக்கோ ஜூன் முதலே மழைதான்.

ஏலக்காய் விஷயத்தில் நாம் இவ்வளவு அசட்டையாய் இருப்பதில்லை. பறித்த காயைத் தாமதமின்றி ஸ்டோரில் உலர்த்துகிறோம். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோவாகச் சுருங்கும்வரை ஈரத்தை வெளியேற்றுகிறோம். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும், போடி ஏலத்தில் விலை விழும் என்று அறிவோம். அந்தக் காயைப் பறித்த சகோதரி தன் பிள்ளைகளோடு உறங்கும் சுவருக்கும் அதே கவனம் வேண்டாமா? பூஞ்சணக் காற்றை இரவெல்லாம் சுவாசிக்கும் குழந்தைக்கு இருமலும் இளைப்பும் கூடும்.

ஆசாரியனின் முறையைக் கவனியுங்கள். வீட்டிலுள்ள பொருட்கள் தீட்டாகாதபடி முதலில் அவற்றை வெளியேற்றச் சொல்கிறான். ஏழு நாள் வீட்டைப் பூட்டி, மறுபடியும் வந்து பார்க்கிறான். தோஷம் பரவியிருந்தால் கல்லைப் பெயர்த்து, பழைய சாந்தைச் சுரண்டிப்போட்ட பின்பே புதிய சாந்தைப் பூசச் சொல்கிறான்.

நாமும் பீரோவையும் கட்டிலையும் நகர்த்திப் பார்ப்போம். ஈரம் மேலிருந்து இறங்கினால் கூரையைச் சோதிக்கவேண்டும். தரையிலிருந்து ஏறி வெள்ளை உப்புப் பூத்தால், சுவர் மண்ணின் நீரை உறிஞ்சுகிறது. ஐயமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நீர் துளிர்த்தால் சமையலாவியும் ஈரத்துணியும் காரணம், ஜன்னலைத் திறந்துவையுங்கள். சுவர்ப்பக்கம் நனைந்தால் நீர் சுவருக்குள் இருக்கிறது. சுவரடி மண்ணை விலக்கி, மழைநீருக்கு வாய்க்கால் வெட்டி, நன்றாய்க் காயவிட்ட பின்பே பூசுங்கள். மண்சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். சுண்ணாம்பு அதை வெளியேற விடும்.

லயன் வீடு அதில் குடியிருப்பவருக்குச் சொந்தமல்ல. தொழிலாளருக்கு வீடு கொடுத்துப் பராமரிப்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் சுவரைக் காட்டிப் பேசமாட்டார். அவருக்காகச் சபை பேசவேண்டும்.

இவ்வருடம் ஆலயத்துக்குப் பெயின்ட் அடிக்குமுன், நம் சபையின் விதவைகள், கூலித் தொழிலாளர்களின் வீட்டுச் சுவர்களைப் பார்த்துவருவோம். காணிக்கையில் முதல் பங்கை அவற்றுக்குக் கொடுப்போம். தேவாலயம் அழகாயிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால் பலவீனமான சுவரைப் பூச்சினால் மறைப்பவர்களை எசேக்கியேல் 13-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் எவ்வளவு கடுமையாய்க் கண்டிக்கிறார் என்பதையும் வாசியுங்கள். நம் இருதயங்களுக்கும் அந்த எச்சரிப்பு உண்டு.

வேதப்பகுதியின் முடிவு இனிமையானது. குஷ்டரோகி சுத்தமானபோது செய்யப்பட்ட அதே சடங்கு, தோஷம் நீங்கிய வீட்டுக்கும் செய்யப்படுகிறது. ஒரு குருவி உயிரோடே வெளியில் விடப்படுகிறது. சுகமான மனிதனுக்காகவும் சீரான சுவருக்காகவும் ஒரேவிதமாய் மகிழ்கிற தேவன் நம் தேவன்.

ஜெபம்: பரம பிதாவே, நாங்கள் பூசி மறைத்தவற்றைத் திறந்து பார்க்கும் தைரியத்தையும், பிறருடைய வீட்டுக்காக வழக்காடும் அன்பையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.