சாவியைக் கொடுத்தாலும் கணக்குத் தீராது!

அமெரிக்காவிலே தொழிலாளிகூடக் காரில் போகிறான் என்று பிரமாதமாகச் சொல்லுவார்கள். வாஸ்தவம்தான். பஸ் இல்லாத ஊரில் கார் இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாதே! ஆனால் அவற்றில் எத்தனையோ கார்கள் குத்தகைக் கார்கள். மூன்று வருஷம் மாதாமாதம் பணம் கட்டியவன் காரைத் திருப்பி விடும் நாளில்தான் கம்பெனியின் மரக்கால் வெளியே வருகிறது.

வருஷத்துக்கு 12,000 மைல் என்பது சர்வசாதாரணமான ஷரத்து. மொத்தத்தில் 4,000 மைல் கூட ஓடிவிட்டதா? மைலுக்கு 25 சென்ட் என்று எழுதியிருந்தால் 1,000 டாலர் எண்ணி வைக்க வேண்டும்! கதவில் கீறல், தேய்ந்த டயர், இவற்றுக்குத் தனி. காரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் 'சிரமத்துக்கு'ச் சில நூறு டாலர் வேறு. தன் சொத்தைத் தான் வாங்கிக்கொள்ள என்ன சிரமமோ!

1976-ல் அங்கே இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. கட்டணங்களை முன்கூட்டியே எழுத்தில் காட்டு என்றது. தேய்மானத்துக்கு வைக்கும் அளவு நியாயமாக இருக்கட்டும் என்றது. அந்த நியாயத்தை முதலில் அளப்பவன் யார்? கம்பெனியின் ஆள்!

விவரம் தெரிந்த தொழிலாளி அவனை நம்பி நிற்பதில்லை. முன்னதாகவே வெளி மெக்கானிக்கிடம் காரைக் காட்டுகிறான். நாலு பக்கமும் போட்டோ எடுக்கிறான். மைல் கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்குகிறான். பில் வந்ததும் கீறலுக்குக் கீறல் கணக்குக் கேட்கிறான்.